பதினெட்டு வயதில் கை பழகிவிடுமா?

கூடைப்பந்தாட்டத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒருவேளை ஆடியும் இருப்பீர்கள். தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் ஓர் இரும்பு வளையம். அதனுள் பந்தைப் போட வேண்டும். கேட்பதற்கு எளிதான வேலைதான். ஆனால் இதனைத் திறம்படச் செய்யத் தெரிந்தவர்களுக்கு அமெரிக்காவில் ஆண்டுக்குக் கோடிக்கணக்கான டாலர் ஊதியம் கிடைக்கிறது.

அந்நாட்டின் முதன்மையான தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பு என்.பி.ஏ. என்று அழைக்கப்படுகிறது. அதில் 30 அணிகள் உள்ளன. ஓர் அணிக்கு 15 பேர் என்று கணக்கிட்டால் மொத்தம் 450 இடங்கள். ஆண்டுதோறும் நடைபெறும் 'டிராஃப்ட்' என்னும் தேர்வில், இரண்டு சுற்றுகளில், ஏறத்தாழ 60 இளைஞர்களை இந்த அணிகள் தெரிந்தெடுக்கின்றன. அவர்களுள் பலர் 19 அல்லது 20 வயதினர். ஒரு காலத்தில் 18 வயதுப் பள்ளி மாணவர்களும் நேரே தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

இவ்வளவு இளம் வயதில் தொழிலாட்டத்துக்கு வருபவரிடம் அதற்குரிய திறன் இருக்கிறதா? பயிற்சியாளர்களும் ரசிகர்களும் அரை நூற்றாண்டாக இதைப் பற்றி வாதிட்டு வருகின்றனர். இதற்கு விடை காண வேண்டுமானால் முதலில் வேறொரு கேள்வியைக் கேட்க வேண்டும்: திறன் என்பது என்ன? உயரத்தை அளவுகோலால் அளந்துவிடலாம். எம்பிக் குதிக்கும் உயரத்தையும் அளக்கலாம். திறனை அப்படி அளந்துவிட முடிவதில்லை. அது எப்படி உண்டாகிறது, எவ்வளவு காலத்தில் உண்டாகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பள்ளியிலிருந்து நேரே

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். பள்ளிப் படிப்பை முடித்து நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே ஒருவர் என்.பி.ஏ.யில் சேரலாம் என்பது பழைய விதி. ஸ்பென்சர் ஹேவுட் என்னும் வீரர் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 1971ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. விதி தளர்ந்தது. 1974இல் மோசஸ் மலோன் பள்ளியிலிருந்து நேராக, அன்று என்.பி.ஏ.க்குப் போட்டியாக இயங்கிய ஏ.பி.ஏ. அமைப்பின் அணியொன்றில் சேர்ந்தார். 1975இல் டாரில் டாக்கின்ஸ், பில் வில்லபி ஆகிய இருவரும் பள்ளியிலிருந்து என்.பி.ஏ.க்கே வந்தனர்.

அதன்பின் இருபது ஆண்டுகள் இந்த வழியில் வந்தவர்கள் அரிது. 1995இல் கெவின் கார்னெட் வந்தார். வழி மீண்டும் திறந்தது. 1996இல் கோபி பிரையன்ட், ஜெர்மெய்ன் ஓ'நீல். 2003இல் லெப்ரான் ஜேம்ஸ் என்று வரிசை நீண்டது. 2005இல் அணிகளும் வீரர் சங்கமும் புதிய உடன்பாடு செய்துகொண்டன. தேர்வு நடக்கும் ஆண்டில் 19 வயது நிறைய வேண்டும். அமெரிக்க மாணவராயின் பள்ளி முடிந்து ஓராண்டாவது கழிந்திருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து இது நடைமுறைக்கு வந்தது.

பதினெட்டா, பத்தொன்பதா, இருபத்திரண்டா என்ற இந்த இழுபறியில் சட்டமும் பணமும் பேசின. உடலும் நரம்பும் என்ன சொல்கின்றன?

ஒரு வளையலைக் கொண்டு

வீட்டில் ஒரு வளையல் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதனைத் தரைக்கு இணையாகப் பிடித்து நேர் மேலிருந்து பாருங்கள். முழு வட்டமாகத் தெரியும். இப்போது கண்ணைச் சிறிது சிறிதாகத் தாழ்த்திக்கொண்டே வாருங்கள். வட்டம் நசுங்கி நீள்வட்டமாகும். வளையலின் மட்டத்துக்குக் கண் வந்ததும் வெறும் கோடாகிவிடும்.

கூடையை நோக்கி வரும் பந்துக்கும் வளையம் இப்படித்தான் 'தெரிகிறது'. வளையத்தின் விட்டம் 45.7 செ.மீ. பந்தின் விட்டம் ஏறத்தாழ 24 செ.மீ. பந்து செங்குத்தாக இறங்கினால் வழி அகலமானது. சாய்வாக வந்தால் வழி குறுகுகிறது. தரைமட்டத்தோடு 32 பாகைக்கும் குறைந்த கோணத்தில் வரும் பந்து வளையத்தில் இடிபடாமல் உள்ளே நுழையவே முடியாது. ஆகவே பந்தை உயர வளைத்து எறிய வேண்டும். ஆனால் மிக உயரமாக எறிந்தால் அதிக வேகம் வேண்டும்; வேகம் கூடினால் கையின் கட்டுப்பாடு குறையும். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல கோணம் இருக்க வேண்டும் அல்லவா?

எதிரணியினர் விதி மீறும்போது, யாரும் தடுக்காத நிலையில் ஒரு வீரருக்குக் கிடைக்கும் எறியை 'ஃப்ரீ த்ரோ' என்பர். எறியும் கோட்டிலிருந்து வளையத்தின் நடுவுக்கு ஏறத்தாழ 4.2 மீட்டர். 2.1 மீட்டர் உயரத்தில் பந்து கையை விட்டுப் பிரிகிறது என்று கொள்வோம். காற்றின் தடையை விட்டுவிட்டு, பள்ளியில் நீங்கள் படிக்கும் எறிபொருள் சமன்பாட்டைக் கொண்டே கணக்கிடலாம். மிகக் குறைந்த வேகத்தில் பந்து வளையத்தை அடைய ஏறக்குறைய 51 பாகைக் கோணத்தில் எறிய வேண்டும். வேகம் நொடிக்கு 7.2 மீட்டர். அமெரிக்க இயற்பியலாளர் பீட்டர் பிராங்காசியோ 1981இல் இத்தகைய கணக்குகளை விரிவாகச் செய்து வெளியிட்டார். 2008இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் கணிப்பொறியைக் கொண்டு ஆராய்ந்து, 52 பாகையும், பந்து பின்னோக்கி நொடிக்கு 3 முறை சுழல்வதும் சிறந்தவை என்று கண்டனர்.

இந்தக் கணக்கில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. எறிகோணத்தில் 2 பாகை பிசகினாலும் பந்து விழும் இடம் 2 செ.மீ. அளவே மாறுகிறது. ஆனால் வேகத்தில் ஒரே ஒரு விழுக்காடு குறைந்தால் பந்து ஏறத்தாழ 11 செ.மீ. முன்னதாகவே விழுகிறது. இடிபடாமல் நுழைய முன்னும் பின்னும் சேர்த்து இருக்கும் இடமோ 7 செ.மீ.தான்! வளையத்தில் பட்டும் பந்து உள்ளே விழலாம் என்பதால் ஆட்டக்காரர் பிழைத்துக்கொள்கிறார். 5 விழுக்காடு குறைந்துவிட்டாலோ பந்து வளையத்தைத் தொடாமலே கீழே விழும்.

என்.பி.ஏ. ஆடுகளத்தின் மூன்று புள்ளிக் கோடு வளையத்தின் நடுவிலிருந்து 7.24 மீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து எறியும்போது ஒரு விழுக்காட்டு வேகப் பிழை 16 செ.மீ. பிழையாக வளர்கிறது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஆட்டத்தில் இதே கோடு 6.02 மீட்டரில் உள்ளது. ஆக, பள்ளியிலிருந்து தொழிலாட்டத்துக்கு வருபவர் ஒன்றே கால் மீட்டர் பின்னால் நகர்வதோடு, அதிக வேகத்தில், மேலும் நுட்பமாக எறியவும் வேண்டியிருக்கிறது.

நான்கு எறிகள்

இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1997ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் லாஸ் ஏஞ்செல்ஸ் லேக்கர்ஸ் அணி யூட்டா ஜாஸ் அணியோடு மோதியது. தோற்றால் அந்த ஆண்டுக்கான ஆட்டம் முடிந்தது என்ற நிலை. லேக்கர்ஸ் அணியின் 18 வயது கோபி பிரையன்ட், முதல் ஆண்டு வீரர். ஆட்டத்தின் கடைசி நொடிகளில் ஒன்று, பின் கூடுதல் நேரத்தில் மூன்று என நான்கு முறை எறிந்தார். நான்கும் வளையத்தைத் தொடவே இல்லை. அணி தோற்றது.

அந்த எறிகளைப் பின்னர் கூர்ந்து பார்த்ததாகப் பிரையன்ட் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். நான்கும் திசை தவறாமல் சென்றிருந்தன, தூரம்தான் போதவில்லை. பள்ளியில் ஆட்டங்கள் குறைவு, இடைவெளி அதிகம். தொழிலாட்டத்திலோ ஒரு பருவத்துக்கு 82 ஆட்டங்கள். நெடும் பருவத்தின் இறுதியில் தம் கால்களில் வலிமை எஞ்சியிருக்கவில்லை என்று அவர் கண்டுகொண்டார். அந்தக் கோடையில் உடலை வலுப்படுத்தும் பயிற்சியில் இறங்கினார்.

கால் எங்கே, எறியும் கை எங்கே என்று நீங்கள் கேட்கலாம். எறியின் ஆற்றல் முழங்கால் மடங்கி நிமிர்வதிலிருந்து தொடங்குகிறது. அங்கிருந்து இடுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக ஏறி விரல் நுனியில் பந்தை விடுகிறது. கால் தளர்ந்தால் வேகம் சில விழுக்காடு குறையும். சில விழுக்காடு என்ன செய்யும் என்பதை மேலே பார்த்தோம். பள்ளி ஆட்டம் 32 நிமிடம், கல்லூரி ஆட்டம் 40 நிமிடம், என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம். எறியும் முறை சரியாக இருந்தும், அதனை 48ஆவது நிமிடத்தில் தாங்கும் உடல் 18 வயதில் எல்லோருக்கும் அமைந்துவிடுவதில்லை.

கை எப்படிப் பழகுகிறது?

இனி நரம்பு மண்டலத்தின் பக்கம் வருவோம். நீங்கள் முதன்முதலில் 'அ' எழுதியதை நினைத்துப் பாருங்கள். எங்கே சுழிப்பது, எங்கே வளைப்பது என்று ஒவ்வொன்றாக எண்ணி எழுதினீர்கள். சில மாதங்களில் எண்ணம் குறைந்தது, பிழையும் குறைந்தது. இன்று எழுதும்போது எழுத்தின் வடிவத்தை நினைப்பதே இல்லை; எழுதப்போகும் கருத்தை நினைக்கிறீர்கள்.

ஃபிட்ஸ், போஸ்னர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1967இல் இந்த வளர்ச்சியை மூன்று படிகளாக வகுத்தனர். முதலாவது, எண்ணிச் செய்யும் படி. இரண்டாவது, பிழை திருத்திச் சீராகும் படி. மூன்றாவது, தானாகவே நிகழும் படி. மூன்றாம் படியில் கை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள, கவனம் வேறு வேலைக்கு விடுதலை பெறுகிறது.

இளம் வீரரின் இடர்ப்பாடு பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. ஆளில்லாத ஆடுகளத்தில் அவர் நன்றாகவே எறிவார். பந்தைத் தட்டிச் செல்வார். தொழிலாட்டத்தில் 24 நொடிக்குள் அணி பந்தை எறிந்தாக வேண்டும். எதிரே தம்மைவிட வலுத்த ஓர் ஆள் மறிக்கிறார். மற்ற எட்டுப் பேரும் நகர்ந்துகொண்டே இருக்கின்றனர். தட்டும் பந்தைக் கவனிக்க வேண்டிய இரண்டாம் படியில் இருப்பவரால், அதே நேரத்தில் மூலையில் தனித்து நிற்கும் தோழரைக் காண முடியாது. 'ஆட்டத்தைப் படிக்கத் தெரியவில்லை' என்று பயிற்சியாளர் குறைகூறும்போது, உண்மையில் கவனம் கையில் சிக்கிக்கொண்டிருக்கக்கூடும்.

படிப்பது என்பதும் ஒருவகையில் கையின் அறிவே என்பதற்கு ஒரு சான்று உள்ளது. 2008இல் இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள், ஃப்ரீ த்ரோ எறியும் காட்சியை இடையில் நிறுத்தி, பந்து உள்ளே விழுமா, விழாதா என்று கேட்டனர். தேர்ந்த ஆட்டக்காரர்கள், ஆட்டத்தைப் பல்லாண்டுகள் பார்த்துப் பழகிய பயிற்சியாளர்களும் செய்தியாளர்களும், ஆட்டமே அறியாதவர்கள் என்று மூன்று கூட்டத்தார் விடை சொன்னார்கள். ஆட்டக்காரர்களே மற்ற இரு கூட்டத்தாரையும்விட முன்னதாகவும் சரியாகவும் சொன்னார்கள். எறிபவரின் உடலசைவே அவர்களுக்குப் போதுமான குறிப்பாக இருந்தது.

சுத்தியல் காட்டிய உண்மை

ஒரே அசைவை ஆயிரம் முறை அச்சுப்போல் திரும்பச் செய்வதுதான் திறன் என்று பலர் எண்ணுகின்றனர். சோவியத் அறிஞர் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன் 1920களில் மாஸ்கோவில் வேறொன்றைக் கண்டார். உளியைச் சுத்தியலால் அடிக்கும் தேர்ந்த தொழிலாளரின் கையில் சிறு விளக்குகளைப் பொருத்திப் படம்பிடித்தார். சுத்தியலின் முனை ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே இடத்தை அடைந்தது. ஆனால் தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றின் அசைவு ஒவ்வோர் அடிக்கும் சிறிது மாறியது. ஒரு மூட்டில் நேர்ந்த பிழையை அடுத்த மூட்டு ஈடுசெய்தது. விளைவு ஒன்றாக இருக்க, வழி மாறிக்கொண்டே இருப்பதுதான் தேர்ச்சி.

அப்படியானால் பயிற்சியும் மாறி மாறி அமைவது நல்லது அல்லவா? 1978இல் கெர், பூத் என்ற இருவர் குழந்தைகளைக் கொண்டு இதைச் சோதித்தனர். ஒரு குழு, 3 அடித் தொலைவிலுள்ள இலக்கில் சிறு பையை எறிந்து பழகியது. மற்றொரு குழு 2 அடியிலும் 4 அடியிலும் எறிந்து பழகியது. 3 அடியில் ஒருமுறைகூடப் பழகவில்லை. பன்னிரண்டு வாரங்களுக்குப் பின் இரு குழுக்களுக்கும் 3 அடியில் தேர்வு. வென்றது, அந்தத் தொலைவில் பழகாத இரண்டாவது குழு!

ஆனால் ஒரே இடத்தில் மிக மிக நெடுங்காலம் பழகுவதற்கும் பயன் உண்டு. தேர்ந்த கூடைப்பந்தாட்டக்காரர்களைப் பல தொலைவுகளிலிருந்து எறியச் செய்து 2005இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. தொலைவு கூடக் கூட வெற்றி ஒழுங்காகக் குறைந்தது. ஃப்ரீ த்ரோ கோட்டில் மட்டும், இரு பக்கத்துத் தொலைவுகளைக் கொண்டு எதிர்பார்த்த அளவைவிடத் தெளிவாக உயர்ந்து நின்றது. வாழ்நாளெல்லாம் பல்லாயிரம் முறை அந்த ஒரே கோட்டில் நின்று எறிந்ததன் பலன் அது. காலை ஊன்றி எறிந்தபோதுதான் இப்படி. எம்பிக் குதித்து எறிந்தபோது அந்த உயர்வு காணப்படவில்லை. பயிற்சி எந்த உருவில் நடந்ததோ அந்த உருவிலேயே திறன் படிகிறது.

உயரம் கொண்டுவரும் தொல்லை

வளரும் பருவத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் கைகால்கள் வேகமாக நீளுகின்றன. நெம்புகோலின் நீளம் மாறினால் அதனை இயக்கும் விசையும் மாறவேண்டும். நேற்றுவரை சரியாக இருந்த கணக்கை மூளை மறுபடி போடுகிறது. சில மாதங்கள் சிறுவன் தடுமாறுவது இயற்கை.

இதோடு, நெடிய சிறுவர்களுக்குப் பயிற்சியே வேறுவிதமாகக் கிடைப்பதும் உண்டு. பன்னிரண்டு வயதில் மற்றவர்களைவிட ஒரு சாண் உயர்ந்திருப்பவனைக் கூடையின் அடியில் நிறுத்திவிடுவார்கள். கையை உயர்த்தினாலே அவனுக்குப் புள்ளி கிடைக்கும். பந்தைத் தட்டிச் செல்லவோ தொலைவிலிருந்து எறியவோ தேவை எழுவதில்லை. வெற்றி வந்துகொண்டே இருப்பதால் குறை தெரிவதும் இல்லை. தொழிலாட்டத்தில் எல்லோரும் நெடியவர்களாக இருக்கும்போதுதான் அது வெளிப்படுகிறது.

மாறாக, ஆண்டனி டேவிஸ் என்னும் வீரர் பள்ளிப் பருவத்தின் முற்பகுதியில் சாதாரண உயரமுடையவராய், பந்தைத் தட்டிச் செல்லும் இடத்தில் ஆடினார். பின்னர் குறுகிய காலத்தில் ஏறத்தாழ 20 செ.மீ. வளர்ந்தார். குள்ளராக இருந்தபோது கற்ற கைத்திறன், நெடியவரான பின்னும் கைகொடுத்தது. 2012ஆம் ஆண்டுத் தேர்வில் அவரே முதலாவதாக எடுக்கப்பட்டார்.

ஆட்டமா, பயிற்சியா?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். பள்ளி ஆட்டம் 32 நிமிடம். களத்தில் பத்துப் பேர். பந்து ஒன்றே ஒன்று. சமமாகப் பங்கிட்டால் ஒருவர் கையில் பந்து இருப்பது 3 நிமிடத்துக்குச் சற்று மேல். அணியின் தலைசிறந்தவரே ஓர் ஆட்டத்தில் இருபது முறைபோல் எறிவார். பந்தைப் பொறுக்கித்தர ஒரு தோழர் இருந்தால், பயிற்சிக் களத்தில் ஒரு மணி நேரத்தில் சில நூறு முறை எறியலாம். ஆட்டம் திறனைச் சோதிக்கிறது. பெருமளவில் திறனை வளர்ப்பது பயிற்சி.

அமெரிக்கச் சிறுவர்கள் கோடையில் ஊர் ஊராகச் சென்று, ஒரே வார இறுதியில் பல ஆட்டங்கள் ஆடுகின்றனர். ஐரோப்பாவில் தொழில்முறைக் கழகங்களே சிறுவர்களைச் சேர்த்து, பல ஆண்டுகள் பயிற்றுவித்து, பிறகு மேலணிக்கு ஏற்றுகின்றன. ஐரோப்பிய வீரர்களே அதிகத் திறனுடையவர்கள், அமெரிக்கச் சிறுவர்களுக்கு ஆட்டத்தின் அடிப்படையை நாம் கற்பிப்பதில்லை என்று 2015இல் கோபி பிரையன்ட் வெளிப்படையாகவே குறைகூறினார். அவர் சிறுவயதில் இத்தாலியில் வளர்ந்தவர் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

ஸ்லோவேனியாவைச் சேர்ந்த லூக்கா டான்சிச் 13 வயதில் மாட்ரிட் நகரத்துக் கழகம் ஒன்றில் சேர்ந்தார். 16 வயதில் அதன் முதல் அணியில் ஆடினார். அதாவது அமெரிக்க விதி அனுமதிப்பதற்கு மூன்றாண்டுகள் முன்னதாகவே தொழிலாட்டக்காரர் ஆனார். 2018இல் என்.பி.ஏ.க்கு வந்தபோது அவருக்கு 19 வயது. முதல் ஆண்டிலேயே ஆட்டத்துக்குச் சராசரி 21 புள்ளி எடுத்து, அவ்வாண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருதைப் பெற்றார். அவருடைய வயதை மட்டும் பார்த்தால் இதனை விளக்க முடியாது. அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகளைப் பார்க்க வேண்டும்.

முதல் ஆண்டுகள் சொல்லும் கதை

2001ஆம் ஆண்டுத் தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்டவர் குவாமே பிரவுன். பள்ளியிலிருந்து நேரே வந்து முதலிடம் பெற்ற முதல் வீரர் அவரே. மூன்றாவதாக எடுக்கப்பட்டவர் ஸ்பெயின் நாட்டின் பாவ் கசோல். பார்சிலோனாவில் தொழிலாட்டம் ஆடிப் பழகியவர். முதல் ஆண்டில் பிரவுன் ஆட்டத்துக்குச் சராசரி 4.5 புள்ளி எடுத்தார், கசோல் 17.6 புள்ளி எடுத்துச் சிறந்த புதுமுகம் ஆனார். இருவரும் நெடியவர்களே. ஒருவருக்கு 19 வயது, மற்றவருக்கு 21. முதலிடத்தில் வந்தவர் என்ற எதிர்பார்ப்பின் பாரம் பிரவுனைத் தொடர்ந்து அழுத்தியது. ஆயினும் அவர் 12 பருவங்கள் என்.பி.ஏ.யில் நீடித்தார் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

ஜெர்மெய்ன் ஓ'நீலின் கதை வேறு. 1996இல் 17 வயதில் தேர்வாகி, போர்ட்லண்ட் அணியில் நான்கு ஆண்டுகள் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருந்தார். 2000இல் இண்டியானா அணிக்கு மாற்றப்பட்டார். 2002இல் மிகுந்த முன்னேற்றம் கண்ட வீரர் என்ற விருது அவருக்குக் கிடைத்தது. நான்கு ஆண்டில் அவரைத் தேறாதவர் என்று தள்ளியிருந்தால் அது பெரும் பிழையாகியிருக்கும்.

ஜெர்மனியின் டிர்க் நோவிட்ஸ்கி 1998இல், 20 வயதில், டல்லாஸ் அணிக்கு வந்தார். முதல் பருவத்தில் மூன்று புள்ளி எறிகளில் அவர் பெற்ற வெற்றி 20.6 விழுக்காடே. அடுத்த பருவத்தில் அது 37.9 விழுக்காடாயிற்று. அவருடைய ஆசான் ஹோல்கர் கெஷ்விண்ட்னர் 1972ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் மேற்கு ஜெர்மன் அணியின் தலைவராக ஆடியவர். கணிதமும் இயற்பியலும் பயின்றவர். நோவிட்ஸ்கியின் உயரத்தையும் கையின் நீளத்தையும் கொண்டு, பிழைக்கு மிகுந்த இடங்கொடுக்கும் எறி எது என்று அவர் கணக்கிட்டுப் பயிற்றுவித்தார். 2007இல் நோவிட்ஸ்கி என்.பி.ஏ.யின் மிகச் சிறந்த வீரர் ஆனார். 2011இல் அவருடைய அணி வாகை சூடியது.

லெப்ரான் ஜேம்ஸ் 18 வயதிலேயே ஆயத்தமாக வந்தவர் என்று சொல்வது வழக்கம். முதல் ஆண்டில் சராசரி 20.9 புள்ளி எடுத்தார் என்பது உண்மை. ஆனால் அவ்வாண்டு மூன்று புள்ளி எறிகளில் அவர் பெற்ற வெற்றி 29 விழுக்காடு. பத்தாவது பருவமான 2012–13இல் அது 40.6 விழுக்காடு. ஆயத்தமாக வந்தவருக்கும் ஒரு திறன் முதிரப் பத்து ஆண்டுகள் ஆயின.

காலங்கடந்து கற்கலாமா?

சிறுவயதில் கல்லாதவர் பிறகு கற்கவே முடியாதா? கற்கலாம், ஆனால் விலை உண்டு. ஸ்டீஃபன் கரி பள்ளியில் படிக்கும்போது பந்தைத் தாழ்வான இடத்திலிருந்து எறிந்துவந்தார். மேலே நெடியவர்களிடம் இது செல்லாது என்று கண்ட தந்தை, ஒரு கோடை முழுவதும் மகனின் எறிமுறையையே மாற்றினார். தந்தையும் என்.பி.ஏ. வீரராக இருந்தவர். பழைய பழக்கம் கலைந்து புதியது படியும்வரை, முன்பு போட்டுக்கொண்டிருந்த எறிகளைக்கூடப் போட முடியாமல் மகன் அவதிப்பட்டார். மூன்றாம் படியிலிருந்து முதல் படிக்கு இறங்கி மறுபடி ஏறுவது அத்தகைய வேலை. பின்னர் கல்லூரியில் மூன்றாண்டுகள் ஆடி, 2009இல் 21 வயதில் தொழிலாட்டத்துக்கு வந்தார்.

ப்ரூக் லோபஸ் என்னும் நெடிய வீரர், 2008இல் தொடங்கி முதல் எட்டுப் பருவங்களில் மொத்தம் 31 முறையே மூன்று புள்ளி எறி எறிந்தார், போட்டது 3. ஒன்பதாவது பருவத்தில், 28 வயதில், 134 எறிகளைப் போட்டார். ஆட்டமே மாறியதுதான் காரணம். 1979–80இல் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரி 3 முறைக்கும் குறைவாகவே மூன்று புள்ளி எறி எறிந்தது. 2023–24இல் 35 முறை எறிந்தது. கூடையடியில் நின்றால் போதும் என்றிருந்த நெடியவர்களும் இன்று தொலைவிலிருந்து எறிய வேண்டும். தொழிலாட்டம் கேட்கும் திறனின் அளவே உயர்ந்துவிட்டது. இளைஞர்கள் முன்னைவிடத் திறன் குறைந்தவர்கள் என்று சொல்வோர் இதனைக் கணக்கில் கொள்வதில்லை.

கற்க நேரம் எங்கே?

தொழிலாட்டத்தில் சேர்ந்தபின் கற்றுக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆறு மாத காலத்தில் 82 ஆட்டங்கள், பாதி வெளியூரில், இரவுப் பயணம். ஆட்டங்களுக்கு நடுவே உடல் தேறவே நாள் போதாது. உறக்கமும் குறைகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வீரர்கள் 11 பேரைச் சில வாரங்கள் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொல்லி, 2011இல் வெளியான ஓர் ஆய்வில், ஃப்ரீ த்ரோ வெற்றி 9 விழுக்காடு உயர்ந்தது. சிறிய ஆய்வுதான், ஆயினும் ஓய்வும் பயிற்சியின் ஒரு பகுதி என்று அது காட்டுகிறது.

முதல் சுற்றில் எடுக்கப்படுபவருக்கு இரண்டு ஆண்டு ஊதியமே உறுதி; அடுத்த இரண்டு ஆண்டுகள் அணியின் விருப்பம். இரண்டாம் சுற்றில் வருபவருக்கு அந்த உறுதியும் இல்லை. தொழிலாட்டக்காரரான ஒருவர் மீண்டும் கல்லூரி அணிக்குத் திரும்ப முடியாது என்ற விதியும் நெடுங்காலம் இருந்தது. ஓ'நீலுக்குத் தேவைப்பட்ட நான்கு ஆண்டுகள் எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

இதனை உணர்ந்து சில ஏற்பாடுகள் தோன்றியுள்ளன. 2001இல் என்.பி.ஏ. வளர்ச்சிக்கென ஓர் இளையர் அமைப்பைத் தொடங்கியது; அங்கே அதிக நேரம் ஆடிக் கற்கலாம். சிறுவர்கள் 14 வயதுவரை ஒரே விளையாட்டில் முடங்க வேண்டாம் என்று 2016இல் என்.பி.ஏ.யும் அமெரிக்கக் கூடைப்பந்துக் கழகமும் வழிகாட்டின. 2021 முதல் கல்லூரி வீரர்கள் தம் பெயராலும் படத்தாலும் பணம் ஈட்டலாம். வறுமையால் மட்டும் முன்கூட்டியே கல்லூரியை விட்டுப் போக வேண்டிய நெருக்கடி இதனால் குறைந்திருக்கிறது.

விடை என்ன?

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். 18 அல்லது 19 வயதில் தொழிலாட்டத்துக்கு வருபவர்களுள் பெரும்பாலோரிடம் உயரம் இருக்கிறது, விரைவு இருக்கிறது. திறன் பாதியளவே முதிர்ந்திருக்கிறது. இதில் வியப்பதற்கோ பழிப்பதற்கோ ஒன்றுமில்லை. ஒரு விழுக்காடு வேகத்தைக்கூடப் பிசகாமல், களைத்த நேரத்திலும், ஆள் மறிக்கும்போதும் தருவதற்கு நரம்பும் தசையும் ஆண்டுக்கணக்கில் பழக வேண்டும். அணிகளும் இதனை அறியும். அவை முதிர்ந்த திறனுக்காக அன்றி, இனி வரக்கூடிய திறனுக்காகவே பணம் கொடுக்கின்றன.

ஆகவே 'எந்த வயதில் வரலாம்' என்பதைவிட, 'வந்தபின் கற்க எவ்வளவு காலமும் இடமும் கிடைக்கும்' என்பதே ஓர் இளைஞர் கேட்க வேண்டிய கேள்வி. அந்தக் காலம் கிடைத்த ஓ'நீலும் நோவிட்ஸ்கியும் தேறினர். கிடைக்காதவர்களின் பெயர்கள் நமக்குத் தெரிவதில்லை.

நீங்கள் கூடைப்பந்து ஆடாதவராக இருக்கலாம். வீணை வாசிக்கலாம், தட்டச்சுப் பழகலாம், தையல் கற்கலாம். கை பழகும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றே. ஒரே பாடத்தைப் பலவிதமாக மாற்றிப் பழகுங்கள். போட்டிகளைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்டுங்கள். நன்றாக உறங்குங்கள். முதல் ஆண்டில் கை வரவில்லையே என்று மனம் தளரும்போது, முதல் பருவத்தில் நோவிட்ஸ்கி எறிந்த மூன்று புள்ளி எறிகளில் ஐந்துக்கு ஏறத்தாழ நான்கு வெளியே விழுந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.